அளவுக் கயிறு

பனிமட்டத்தில் ஜெபக்கனி பின்னிய ஸ்வெட்டர் ஆளில்லாமல் எழுந்து நடந்ததை யாரும் குறைசொல்லவில்லை. அதன் நெஞ்சில் வெள்ளை முயல் போட்டிருந்ததைத்தான் குறைசொன்னார்கள். எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் இத்தனை வருஷமாக வெறும் கோடும் கட்டமும் போட்டுக் கொடுத்தவள், முயல் போடத் தெரியும் என்பதை மூச்சுவிடாமல் வைத்திருந்தாள் பாருங்கள், என்ன நெஞ்சழுத்தம் என்று குழாயடியில் பேசினார்கள், தோட்டத்தில் கொழுந்து கிள்ளும்போது பேசினார்கள், கோயிலில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பேசினார்கள். பேசிப் பேசி, அந்த ஸ்வெட்டருக்குள் ஆள் கிடையாது என்பதே அவர்களுக்கு மறந்துபோயிற்று.

அந்த முயலை ஜெபக்கனி கோபத்தில்தான் போட்டாள். அந்தக் கோபம் விளங்க வேண்டுமென்றால் ஊர் வழக்கத்தை முதலில் சொல்லியாக வேண்டும். பனிமட்டம் மலை மேல் இருக்கிறது. ஒரு தேயிலைத் தொழிற்சாலை, ஒரு கோயில், ஒரு கடைத்தெரு, மிச்சமெல்லாம் மூடுபனி. அங்கே பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் உடுப்பு என்றால் கம்பளிதான். எந்தக் காலத்திலோ வந்துபோன துரைசாணிகள் சொல்லிக்கொடுத்த பின்னல், அந்த ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஆனால் தன் பிள்ளைக்குத் தானே பின்ன மாட்டார்கள். பெற்றவள் ஒரு வெள்ளை நூலை எடுத்துப் பிள்ளையின் உடம்பில் வைத்து அளந்து, கழுத்திலிருந்து இடுப்புக்கு ஒரு முடிச்சு, தோளிலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு முடிச்சு, தலைச்சுற்றுக்கு ஒரு முடிச்சு என்று போட்டு, பின்னுகிறவளுக்குக் கொடுத்தனுப்புவாள். அதுதான் அளவுக் கயிறு. உடுப்பு முடிந்ததும் உடுப்போடு கயிறும் பெற்றவள் கைக்குத் திரும்பிவிட வேண்டும், ஒருநாள்கூடப் பின்னுகிறவளிடம் தங்கக் கூடாது. கயிறு எவள் கையிலோ பிள்ளையும் அவள் கையில் என்பது ஊரின் நம்பிக்கை, அதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, சோதித்துப் பார்க்கத் தேவையும் வந்ததில்லை.

மழை ஓய்ந்து குளிர் இறங்கத் தொடங்கியதும் கயிறுகளெல்லாம் ஜெபக்கனி வீட்டுக்குத்தான் வந்தன. அவள் கை வேகமான கை, கண்ணி பிசகாத கை. அதைவிட, அவளுக்குப் பிள்ளை இல்லை. உனக்கென்ன, பிள்ளையா குட்டியா, நேரம் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே நூலைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ், மேய்ப்பனுக்கு அங்கி, ஆட்டுக்குட்டிக்கு மேலுறை, மரத்தில் தொங்கவிட நட்சத்திரம் என்று அவள் பண்டிகைவரை இரவும் பகலும் பின்னுவாள். பண்டிகை முடிந்த பிறகு ஒரு தட்டில் அச்சு முறுக்கு வரும். அதுவும் பாதி நொறுங்கிய முறுக்காகத்தான் வரும், முழு முறுக்கை எவளும் அனுப்பியதில்லை, ஜெபக்கனி அதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

போன வருஷம், மாதர் சங்கத் தலைவி புஷ்பலீலாவின் மகள் ஷெர்லினுக்குப் பிறந்தநாள் வந்தது. புஷ்பலீலா தொழிற்சாலை மேலாளரின் மனைவி, நல்ல குரல், நல்ல நிறம், யாரையும் கடிந்து பேச மாட்டாள், பேசாமலே காரியத்தை முடித்துவிடுவாள். ஜெபக்கனி தான் பின்னிய ரோஜா நிறக் குல்லாவைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், குனிந்து பிள்ளையின் தலையில் மாட்டப் போனாள். புஷ்பலீலா அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். "நீங்க போடாதீங்க அக்கா. ஏதாச்சும் ஆயிரப் போகுது" என்றாள். சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். குல்லாவை வாங்கி, உள்ளே பூச்சி ஏதும் இருந்தால் விழட்டும் என்பதுபோல ஒருதரம் உதறி, பிறகு தானே மாட்டிவிட்டாள். சுற்றி நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் கேக்குக்குக் கை நீட்டினார்கள். அந்த உதறல் ஒரு வருஷம் முழுக்க ஜெபக்கனியின் காதுக்குள்ளேயே இருந்தது.

இந்த வருஷம் கயிறுகள் வந்தபோது அத்தனையையும் வந்த வழியே திருப்பி அனுப்பினாள். உடம்புக்கு ஆகவில்லையா என்று கேட்டவர்களுக்கு, உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் ஆகவில்லை என்று பதில் சொன்னாள். பிறகு அடுப்படியில் போய் நின்று, ஒரு புது வெள்ளை நூலை வெட்டினாள். பித்துப் பிடித்தவள்போல எதுவும் செய்யவில்லை, நிதானமாகத்தான் செய்தாள்: தரையில் மண்டியிட்டு, அரிசி டின்னின் மூடிக்குச் சரியாகத் தலை வரும் என்று வைத்துக்கொண்டு, வெறும் காற்றில் கழுத்தைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், தலையைச் சுற்றி நூலைக் கொண்டுபோனாள், மூன்று முடிச்சும் போட்டாள். அவளுடைய எண்ணமெல்லாம் இதுதான்: இந்த ஊர் கண்ணால் கண்டிராத ஒரு பிள்ளை உடுப்பைப் பின்னி, வாசல் கொடியில் காயப்போட்டு, போகிறவள் வருகிறவளையெல்லாம் வயிறெரிய வைக்க வேண்டும். வேறு ஆசை எதுவும் அப்போது அவளுக்கு இல்லை, இருந்திருந்தாலும் அதை அவள் தனக்கே ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள்.

தன் பிள்ளைக்குத் தானே பின்னக்கூடாது என்ற வழக்கம் அவள் நினைவுக்கே வரவில்லை. வாழ்நாளில் ஒருமுறைகூட அவளைத் தொட்டிராத வழக்கம், எப்படி நினைவுக்கு வரும்.

கடைத்தெரு ஹனீபா பாயிடம் நல்ல சிவப்பு நூலாகப் பார்த்து வாங்கினாள். முயலை நெஞ்சில் ஓடவிட்டாள், குல்லாவின் உச்சியில் பந்து வைத்தாள், கையுறையின் விரல்களுக்குள் இன்னொரு மெல்லிய கையுறை வைத்துப் பின்னினாள், யாரும் பார்க்கப்போகாத அக்குள் மடிப்பில்கூடச் சின்னச் சின்னப் பூப்போட்டாள், ஒவ்வொரு கண்ணிக்கும் ஒருத்தியை மனசுக்குள் திட்டினாள், கண்ணிகள் முடிந்த பிறகும் திட்டுவதற்கு ஆள் மிச்சமிருந்தார்கள். முதல் உறைபனி விழுந்த அன்று எல்லாவற்றையும் கொடியில் போட்டாள். நடுப்பகலில் எடுக்க வந்தபோது கொடி காலியாக இருந்தது. ஸ்வெட்டரும் குல்லாவும் கால்சட்டையும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தன, கைகள் இரண்டும் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தன, குல்லாவுக்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் எதிர்வீட்டுச் சுவர் தெரிந்தது. ஒரு காலில் சாக்ஸ் இருந்தது. இன்னொரு சாக்ஸை அவள் பின்னி முடித்திருக்கவில்லை.

"வெறுங்காலோட ஈரத்துல நிக்காத" என்றாள் ஜெபக்கனி. "உள்ள வா. அந்தச் சாக்ஸையும் முடிச்சுத் தர்றேன்."

அது எழுந்து உள்ளே வந்தது. தூக்கினால் ஐந்து வயதுப் பிள்ளையின் கனம் இருந்தது, கழுத்துப்பட்டைக்குள் மூக்கை வைத்தால் பிள்ளைச் சூடு இருந்தது. பேச்சு மட்டும் கிடையாது. பாலில் ரொட்டியை நனைத்துக் குல்லாவுக்குக் கீழே நீட்டினால் ரொட்டி தீர்ந்துபோகும். மாலையில் அவள் கணவன் மாசிலாமணி தொழிற்சாலையிலிருந்து வந்தான். காலணியைக் கழற்றிக்கொண்டே அடுப்பருகில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தான். "யாரு வீட்டுப் புள்ள?" என்றான். "நம்ம வீட்டுப் புள்ளதான்" என்றாள். அவன் சரி என்று கால் கழுவப் போனான். மறுநாள் வரும்போது பிஸ்கட் பொட்டலம் வாங்கிவந்தான்.

ஊருக்குத்தான் பொறுக்கவில்லை. பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனால், இதை லக்கேஜில் சேர்ப்பதா ஆளில் சேர்ப்பதா என்று கண்டக்டர் வண்டியை நிறுத்திவிட்டார். தலையே இல்லையே என்றார். அப்படின்னா குல்லா யாரு தலையில இருக்கு என்று ஜெபக்கனி கேட்டாள். பஸ்ஸிலிருந்தவர்கள் நேரமாகிறது, நேரமாகிறது என்று கத்தினார்கள். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம் சொல்ல வாய் இல்லாத பிள்ளைக்கு முன்வரிசை எதற்கு என்று தாய்மார் போய்ச் சண்டை பிடித்தார்கள். ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று ஜெபக்கனி கேட்டபோது போதகர் தாடையைத் தடவிக்கொண்டு, தண்ணீர் பட்டால் கம்பளி சுருங்கும், வெயில் காலம் வரட்டும் பார்க்கலாம் என்றார். பிள்ளைக்குப் பெயர் வைக்காததால் ஊரே ஒரு பெயர் வைத்தது: ஸ்வெட்டர். ஸ்வெட்டர் வருது, ஸ்வெட்டர் பக்கத்துல உக்காராத, ஸ்வெட்டருக்குப் பல்லாங்குழி ஒண்ணுதான் கேடு. அவள் மட்டும் கண்ணு என்று கூப்பிட்டாள்.

வாயால் பேசியது போதாமல் கையையும் நீட்டினார்கள். விளையாடக் கூப்பிடுகிற சாக்கில் பிள்ளைகள் அதன் நூலைப் பிடித்து இழுத்தன; அப்படி இழுக்கச் சொல்லிக் கொடுத்தது எந்தெந்தத் தாய் என்று ஜெபக்கனிக்குத் தெரியும். முழங்கையில் பிரிந்தால் அங்கே முழங்கை இருக்காது, அந்த ஓட்டை வழியாகக் காற்று போய்வரும், பிள்ளை அந்தக் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடும். ஜெபக்கனி விளக்கேற்றியதும் ஊசியை எடுத்துவிடுவாள். பின்னி அடைத்ததும் கை திரும்பி வரும், விரல்கள் அவள் முந்தானையைப் பிடிக்கும். கடைத்தெருவில் அவளுக்கு நூல் விற்றால் நாங்கள் உங்கள் கடைப் படி ஏற மாட்டோம் என்று ஹனீபா பாயிடம் பெண்கள் திரண்டுபோய்ச் சொன்னார்கள். அவர் நல்ல மனுஷன்தான், ஆனாலும் கடை வைத்திருப்பவர். அதற்குப் பிறகு அவள் மாசிலாமணியின் மப்ளரைப் பிரித்தாள், தன் கல்யாணச் சால்வையைப் பிரித்தாள், சிவப்பாக இருந்த பிள்ளை பழுப்பும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக மாறிக்கொண்டே வந்தது. அந்தச் சில வாரங்களைப் போல அவள் சந்தோஷமாக இருந்ததும் கிடையாது, அத்தனை பேரை அத்தனை வெறுத்ததும் கிடையாது.

கிறிஸ்மஸ் நாடகத்துக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். குடிலுக்குப் பின்னால் ஏணி மேல் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தேவதூதனுக்கு வசனம் கிடையாது, ஆனால் எல்லாக் கண்ணும் அங்கேதான் போகும். வருஷா வருஷம் எல்லாத் தாய்மாரும் ஏங்குகிற வேஷம் அது. ஷெர்லினுக்குத்தான் கிடைக்கும் என்று புஷ்பலீலா வெள்ளைச் சாட்டின்கூடத் தைக்கக் கொடுத்திருந்தாள். சீட்டு ஸ்வெட்டருக்கு விழுந்தது. போதகர் மறுபடியும் குலுக்கினார், மறுபடியும் அதற்கே விழுந்தது, மூன்றாவது தடவை குலுக்க அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் புஷ்பலீலா எல்லாப் பெண்களையும் கோயில் கூடத்தில் உட்காரச் சொன்னாள். ஜெபக்கனியை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். பிள்ளை அவள் மடியில் இருந்தது.

"ஒண்ணு கேக்குறேன் அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் புள்ளைக்குப் பின்னுனது யாரு?"

"நான்தான். அதுல என்ன சந்தேகம்?"

"அளவுக் கயிறு யாருகிட்ட இருக்கு?"

"எங்கிட்ட இருக்கு."

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அப்போதுதான் ஜெபக்கனிக்குத் தான் எங்கே வந்து மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்தது.

"பின்னுனவங்ககிட்ட கயிறு தங்கக் கூடாது. பெத்தவங்க பின்னக் கூடாது" என்றாள் புஷ்பலீலா, பாட்டு சொல்லிக்கொடுக்கிற குரலில். "நான் வச்ச சட்டம் இல்ல இது, நமக்கு முந்தியே உள்ளது. உங்களுக்கும் தெரியும். இத்தன வருஷம் எங்க கயித்தயெல்லாம் திருப்பித் திருப்பிக் குடுத்த கைதானே? நீங்க பின்னுறவங்களா, பெத்தவங்களா? ரெண்டுல ஒண்ணச் சொல்லிருங்க. பின்னுறவங்கன்னா கயித்தச் சங்கத்துல குடுத்துருங்க. பெத்தவ எவளோ அவ வர்ற வரைக்கும் நான் பொறுப்பு."

"பெத்தவ எங்கயும் போகல. இங்கதான் உக்காந்திருக்கா" என்றாள் ஜெபக்கனி. "இனிமே நான் ஊசியத் தொடல. நீங்க பின்னுங்க. உங்க புள்ளைங்களுக்கெல்லாம் நான் பின்னல? உங்கள்ல ஒருத்தி என் புள்ளைக்குப் பின்னிக் குடுங்க."

ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தாள். ஒருத்திக்கு இந்த வருஷம் கண் மங்கிப்போயிருந்தது. ஒருத்திக்கு மாவு இடிக்க வேண்டியிருந்தது. ஒருத்தி தன் ஊசிகளை மாமியார் ஊருக்குக் கொடுத்தனுப்பிவிட்டதாகச் சொன்னாள். கடைசி வரிசையிலிருந்தவள் தன் மகளின் காலரைச் சரிசெய்தாள். அந்தக் காலர் ஜெபக்கனி பின்னியது.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து அவள் சொன்ன சொல்லை மீறினாள், பிள்ளையின் தோளில் ஒரு கிழிசல் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது. கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னினாள். காலையில் பார்த்தால் பின்னிய கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று நூல் தரையில் சுருண்டு கிடந்தது. மறுபடி பின்னினாள், மறுபடி கழன்றது. இத்தனை நாளும் அவள் பின்னியது நின்றதே என்றால், இத்தனை நாளும் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊர் சொன்ன பிறகு நூலும் கேட்டுக்கொண்டது. "எங்கிட்ட குடு கயித்த, நான் வச்சுக்குறேன்" என்று மாசிலாமணி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அன்று போட்ட கண்ணிகள் சாயங்காலம்வரை நின்றன. புருஷன் பையிலிருந்தாலும் பெண்டாட்டி கையிலிருந்தாலும் ஒன்றுதான் என்று யாரோ குழாயடியில் சொல்லியிருப்பார்கள், விளக்கேற்றும் முன்னே அவையும் கழன்றன. கயிறு மறுபடி அவள் இடுப்புக்கே வந்தது.

அதற்குப் பிறகு பிள்ளை தேய்ந்துகொண்டே வந்தது. முதலில் இடது தோள் போயிற்று, பிறகு முயலின் காதுகள் போயின, குனிந்து தூக்கினால் கனம் நேற்றைவிடக் குறைந்திருந்தது. ஜெபக்கனி ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றாள். அவளைப் போன்ற ரோஷக்காரி ஒருத்தி எப்படி வாசல் வாசலாக நின்றாள் என்று இன்றைக்கும் அந்த ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். ஒருத்தியும் ஊசியை எடுக்கவில்லை. கயிறு எவள் கையில் இருக்க வேண்டும் என்று புஷ்பலீலா சொன்னாளோ அதைத் தாண்டி நடக்க ஒருத்திக்கும் தைரியமில்லை, சிலருக்கு மனமும் இல்லை.

நாடகத்தன்று கூடம் நிறைந்திருந்தது. சைப்ரஸ் கிளையை வெட்டி மரம் வைத்திருந்தார்கள், காகித நட்சத்திரங்களுக்குள் பல்ப் எரிந்தது. ஏணி மேல் பிள்ளை நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. வெள்ளை அங்கியும் இரண்டு பெரிய இறக்கைகளும் அதற்கு ஜெபக்கனி அந்த ஞாயிற்றுக் கூட்டத்துக்கு முன்பே தன் வெள்ளைக் கம்பளியைப் பிரித்துப் பின்னிவைத்தவை, அவள் வாழ்க்கையில் பின்னியதிலேயே அழகானவை. மேய்ப்பர்கள் வந்து நின்ற நேரத்தில் இடது இறக்கையின் நுனி பிரியத் தொடங்கியது. ஒரு கண்ணி கழன்று அடுத்ததை இழுத்தது, அது அதற்கடுத்ததை இழுத்தது, வெள்ளை நூல் சுருள்சுருளாகக் குடிலின் மேலும் ஆட்டுக்குட்டிகளின் மேலும் விழுந்துகொண்டே இருந்தது. "பனி விழுற மாதிரி செஞ்சிருக்காங்க, நல்லாத்தான் இருக்கு" என்று முன்வரிசையில் ஒரு ஆள் சொன்னார். பெண்களுக்கு அது என்னவென்று தெரிந்திருந்தது. அவர்களும் கைகட்டிக்கொண்டு பார்த்தார்கள். அங்கியின் நெஞ்சு பிரிந்தபோது அதன் வழியாகப் பின்சுவரிலிருந்த கடிகாரம் ஜெபக்கனியின் கண்ணில் பட்டது.

அவள் எழுந்தாள். இடுப்பிலிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டு நேராக முன்வரிசைக்குப் போய் புஷ்பலீலாவின் முன்னால் நின்றாள்.

"இந்தா லீலா. கயிறு கேட்டல்ல, வச்சுக்க."

"இப்ப எதுக்கு அக்கா. நாடகம் முடியட்டும், சங்கப் பெட்டியில போட்டுரலாம்."

"பெட்டிக்கு இல்ல. உன் கையில வாங்கு. நீதான் பொறுப்புன்னு எல்லார் முன்னாடியும் சொன்ன. இதோ எல்லாரும் இருக்காங்க."

மேய்ப்பர்கள் வசனத்தை மறந்துவிட்டு நின்றார்கள். புஷ்பலீலா சுற்றிலும் பார்த்தாள். அவள் பக்கம் நின்று பழகிய அத்தனை முகங்களும் அவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தன. சொன்ன சொல்லை விழுங்க முடியாது, அவள் தலைவி. கையை நீட்டினாள். ஜெபக்கனி மூன்று முடிச்சுள்ள கயிற்றை அந்தக் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தானே மடக்கிவிட்டாள். பிறகு மேடைப் படியில் உட்கார்ந்து, கொண்டையிலிருந்து ஊசிகளை உருவி, தரையில் விழுந்து கிடந்த நூலைச் சேர்த்து எடுத்தாள்.

பிள்ளை ஏணியிலிருந்து இறங்கியது. அவளைக் கடந்து போகையில் அதன் அங்கி அவள் முழங்காலில் உரசியது. அது நிற்கவில்லை. நேரே போய், ஷெர்லின் உட்கார்ந்திருந்த மடியில் மிச்சமிருந்த இடத்தில் ஏறிக்கொண்டு, பாதி பிரிந்த கையால் புஷ்பலீலாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. ஜெபக்கனி அந்தப் பக்கம் பார்க்காமல் பின்னினாள். கண்ணிகள் நின்றன. நாடகம் முடிந்து, பாட்டு முடிந்து, ஊர் முழுக்கக் கேக் தின்று கலையும்வரை பின்னி, இறக்கையையும் நெஞ்சையும் முடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள். மாசிலாமணி தேநீர் போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். "அந்தப் புள்ள இருக்குல்ல கனி. எங்கயோ இருக்குல்ல" என்றான். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை, அவனைக்கூட அந்த நேரம் வெறுத்தாள்.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. மேலாளர் வீட்டுப் பிள்ளையை யாரும் ஸ்வெட்டர் என்று கூப்பிடுவதில்லை. கண்டக்டர் சீட்டைத் துடைத்து உட்கார வைத்தார். வெயில் காலம் வந்ததும் போதகர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஞானஸ்நானம் கொடுத்து எமிமா என்று பெயர் வைத்தார். அது பெண் பிள்ளை என்று ஊருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, ஜெபக்கனிக்கு யாரும் வந்து சொல்லவில்லை. இதென்னடா ஆளில்லாத உடுப்பு என்று புதிதாக வருகிறவர்கள் யாராவது கேட்டால், பனிமட்டத்துப் பெண்கள் அவர்களை முறைத்துவிட்டுப் போனார்கள்.

மறுபடி மழை ஓய்ந்தது. மறுபடி கயிறுகள் வரும் காலம் வந்தது, யாரும் அனுப்பத் துணியவில்லை. ஒரு பிற்பகல் புஷ்பலீலா தானே நடந்து வந்தாள். முந்தானைக்குள் பிள்ளையைப் போர்த்திக் கூட்டிவந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"ரெண்டு முட்டியும் கிழிஞ்சிருச்சு அக்கா. வேற யாரு பின்னுனாலும் புள்ளைக்கு உடம்புல ஒட்ட மாட்டேங்குது. எல்லார்கிட்டயும் குடுத்துப் பாத்துட்டேன்."

"என் வாசல்லதான் வந்து நிக்கணும்னு உனக்கு எழுதியிருக்கு" என்றாள் ஜெபக்கனி. "கயித்தக் குடு."

புஷ்பலீலா உடனே கொடுத்துவிடவில்லை. கயிற்றை விரலில் சுற்றியிருந்தாள், சுற்றிச் சுற்றி விரலில் தடம் விழுந்திருந்தது. "ராத்திரி குளுருதுன்னு என் பக்கத்துலதான் படுக்குது. நான் எந்திரிச்சா அதுவும் எந்திரிக்குது. கயித்தத் திருப்பிக் குடுத்துருவீங்கல்ல?" என்று கேட்டாள். அதைக் கேட்டதும்தான் ஜெபக்கனி அவளை உண்மையாகவே வெறுத்தாள், அதற்கு முன்பு வெறுத்ததெல்லாம் ஒன்றுமில்லை.

வழக்கப்படி கயிற்றின் முடிச்சுகளுக்கு அளவு பார்த்தாள், வழக்கப்படி பின்னினாள். புது ஸ்வெட்டரில் முயலுக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி முயலையும் வைத்தாள், அக்குள் மடிப்பில் பூப்போட்டாள். அத்தனை நாளும் பிள்ளை பகலில் வந்து அவள் காலடியில் நூலுண்டையை உருட்டிக்கொண்டிருந்தது, விளக்கு வைத்ததும் புஷ்பலீலா வந்து கூட்டிப்போனாள். கடைசி நாள் உடுப்பையும் கயிற்றையும் சேர்த்துக் கொடுத்தாள். புஷ்பலீலா கயிற்றை அவசரமாக ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, குல்லாவைப் பிள்ளைக்கு மாட்டப் போனாள். ஜெபக்கனி அவள் கையைப் பிடித்துக் குல்லாவை வாங்கினாள். ஒருதரம் உதறினாள்.

"நீ போடாத லீலா" என்றாள். "ஏதாச்சும் ஆயிரப் போகுது."

புஷ்பலீலா கையை இழுத்துக்கொண்டாள். ஜெபக்கனி மண்டியிட்டு, அரிசி டின்னின் மூடி உயரத்திலிருந்த அந்த வெறுமையின் மேல் குல்லாவை மாட்டி, காதுகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் இழுத்துவிட்டாள். இந்த நேரத்துக்காகத்தானே இரண்டு வருஷம் காத்திருந்தோம் என்று நினைத்தாள், ஆனால் வயிறு குளிரவில்லை. பிறகு அவர்கள் இருவரும் கைகோத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போனார்கள். தெருமுனை திரும்பும் இடத்தில் சிவப்புக் குல்லா கொஞ்சம் அசைந்தது. முகம் ஒன்று இருந்திருந்தால், அது திரும்பிப் பார்த்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.